அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜார்ஜ் டவுனில் ஒரு நாள்

நான்கு வருடம் கழித்து மெல்பர்னிலிருந்து மலேசியாவில் இருக்கும் என் ஊருக்குப் போனேன். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் இருக்கும் அம்மாவுக்கு 74 வயது, முட்டி வலி வேறு. "இவ்வளவு பக்கத்துல இருந்தும் ஜார்ஜ் டவுன்ல இருக்கிற அந்தப் பழைய பெரிய வீட்டுக்குள்ளலாம் நான் போனதே இல்லய்யா" என்றார். சரி என்று மறுநாள் காலையிலேயே ஃபெர்ரி ஏறிவிட்டோம். இப்போது அதில் கார் ஏற்றுவதில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான். படகுத்துறையில் இறங்கியதும் நகரைச் சுற்றும் இலவச கேட் (CAT) பஸ். அம்மா ஏறி உட்காரும்வரை ஓட்டுநர் வண்டியை நகர்த்தவில்லை. எனக்கு அதிலேயே மனசு குளிர்ந்துவிட்டது.

முதலில் சர்ச் ஸ்ட்ரீட்டில் பினாங் பெரனக்கான் (மலாய்ப் பழக்கங்கள் கலந்த சீன வம்சாவளியினர்) மாளிகை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனச் சமூகத் தலைவரான காப்பித்தான் சுங் கெங் குவீ கட்டிய பச்சை வீடு. மணி கோத்த செருப்பு, தங்கப் பூச்சு மரத்தடுப்பு என்று பார்க்க எவ்வளவோ இருந்தாலும், அம்மா ஒரு வெற்றிலைப் பெட்டி முன்னால் நின்றுவிட்டார். வெற்றிலைக்கு ஓர் அறை, பாக்குக்கும் சுண்ணாம்புக்கும் குட்டிக் கிண்ணங்கள், பக்கத்தில் பாக்குவெட்டி. "எங்க பாட்டியோடது பித்தளை. பிடி தேய்ஞ்சு வழவழன்னு இருக்கும்." அங்கிருந்த சீனப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டு, தமிழில் இதற்கு என்ன பெயர் என்று மலாயில் கேட்டார். மலாயில் சொல்லும் கச்சிப்பும் நம் பாக்குவெட்டியும் ஒன்றுதான் என்று அம்மா விளக்கியது கால் மணி நேரம் ஓடியது.

அப்புறம் ஆர்மேனியன் ஸ்ட்ரீட் 120, சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் செயல்பட்ட வீடு. சீனாவில் மன்னராட்சிக்கு எதிராக நடந்த 1911 குவாங்சோ எழுச்சிக்கு 1910இல் பினாங்கில்தான் திட்டம் போட்டார்கள். ஒடுங்கிய கடைவீடு, நடுவில் வானம் தெரியும் முற்றம். குறிப்புகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். தமிழில் ஒரு ஒலிக்குறிப்பு இருந்தால் அம்மா போன்றவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் சுற்றிப் பார்க்கலாமே.

இன்னோர் இடத்தில் மட்டும் வருத்தம். டிக்கெட் வாங்கிய பிறகுதான் எல்லாமே மாடியில், லிஃப்ட் கிடையாது என்று தெரிந்தது. பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்கள். அம்மா அஞ்சடியில் (கட்டட முகப்பின் கூரையிட்ட நடைபாதை) உட்கார்ந்திருக்க, நான் பத்து நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டேன். கைத்தடியோடு நிற்பவரைப் பார்த்தும் கவுண்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? வயதானவர்களோடு போகிறவர்கள் மாடிப்படி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மலேசிய அடையாள அட்டையான மைகார்டையும் மறக்காதீர்கள், பல இடங்களில் உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு.

லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு முடித்து, கடைசியாக கிராப் டாக்ஸி பிடித்து, புகழ்பெற்ற மலாய் நடிகரும் பாடகருமான பி. ரம்லி பிறந்த பலகை வீட்டுக்குப் போனோம். படியேறும்போது அங்கிருந்த மலாய்த் தம்பி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். 1950இல் 'பக்தி' படத்தில் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய இயக்குநர் எல். கிருஷ்ணன், மெட்ராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர் என்று அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஊருப் பிள்ளையா!" என்று உடனே அந்தத் தம்பியிடம் மலாயில் சொல்லப் போய்விட்டார்.