வீட்டு அவனில் தந்தூரி சிக்கன்: ட்ரேயா, கம்பித்தட்டா, கிரில்லா?

வீட்டு அவனில் தந்தூரி சிக்கன் செய்கிற பலருக்கும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது. மசாலா நன்றாக இருக்கும், கறியும் வெந்திருக்கும். ஆனால் ட்ரேயை வெளியே எடுத்தால் துண்டுகள் சிவப்புத் தண்ணீரில் கிடக்கும். ஓரத்தில் கருகல் இருக்காது, கடித்தால் குழம்பிலிருந்து எடுத்த துண்டு மாதிரி இருக்கும். நானும் பல மாதங்கள் மசாலாவையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். மாற்ற வேண்டியது மசாலாவை அல்ல, கறிமேல் சூடு படும் விதத்தை.

தந்தூர் அடுப்பின் மண் சுவர் கரியின் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சுற்றிலும் இருந்து வீசும். உள்ளே 400 டிகிரி செல்சியஸையும் தாண்டும். நீளக் கம்பியில் குத்திய கோழி எதன்மீதும் படாமல் நிற்பதால், வடிகிற நீர் கறியில் தங்காது. கொழுப்பு கரியில் சொட்டிப் புகையாக மேலே வரும். பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து டெல்லிக்கு வந்தவர்கள் தரியாகஞ்சில் தொடங்கிய மோதி மகால் உணவகம் வழியாக நாடெங்கும் பரவிய ருசி இந்த அடுப்பில் பிறந்ததுதான். நம் வீட்டு ஓடிஜி (மேடையில் வைக்கிற சின்ன மின்சார அவன்) பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். அந்தச் சூட்டை நம்மால் எட்ட முடியாது. ஆனால் நீர் தங்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. கறியின் மேல்பக்கம் ஈரமாக இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சுட்ட மணமும் நிறமும் வேகமாக ஏறுவதோ 140 டிகிரிக்கு மேலேதான். கீழே சொல்லும் மூன்று முறைகளையும் இதை வைத்துத்தான் அளக்கிறேன்.

முதல் முறை, ட்ரேயில் துண்டுகளை அடுக்கி 180 டிகிரியில் 45 நிமிடம் விடுவது. செய்ய எளிது, அவனுக்குள் அழுக்காகாது. ஆனால் கறி விடுகிற நீரிலேயே அடிப்பக்கம் வெந்துவிடும். மேலே நிறம் வரட்டும் என்று இன்னும் பத்து நிமிடம் வைத்தால், நிறம் வருவதற்குள் உள்ளே உலர்ந்துவிடும். தந்தூரி என்ற பெயருக்காக இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

இரண்டாவது, கம்பித்தட்டின் மேல் வைத்து, அவன் தரும் முழுச் சூட்டில் சுடுவது. கீழே ஃபாயில் விரித்த ட்ரே சொட்டுகிறதை வாங்கிக்கொள்ளும். 15 நிமிடமாவது அவனை முன்கூட்டியே சூடாக்க வேண்டும். இதில் வித்தியாசம் உடனே தெரியும்: துண்டின் எல்லாப் பக்கமும் காற்று படுவதால் மசாலா ஒட்டிக் காய்ந்து பிடிக்கும். தோல் நீக்கிய லெக் பீஸ் 30 முதல் 35 நிமிடத்தில் வெந்துவிடும். குறை என்றால் கருகல்தான். அங்கங்கே லேசாக வரும், கடையில் பார்க்கிற கரும்புள்ளிகள் வராது.

மூன்றாவதைத்தான் இப்போது நான் செய்கிறேன். இது கடை மாஸ்டர்கள் செய்வதையே ஒட்டியது. பல கடைகளில் கோழியை முக்கால் பதம் சுட்டு வெளியே எடுத்து, நீர் வடிய விட்டு, வெண்ணெய் தடவி மறுபடி அடுப்பில் இறக்குவார்கள். வீட்டில் 230 டிகிரியில் கம்பித்தட்டில் 25 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தில்தான் மேல்பக்க ஈரம் ஆவியாகிப் போகிறது, அவசரப்பட வேண்டாம். பிறகு உருக்கிய வெண்ணெயைத் தடவி, மேல்கம்பி மட்டும் எரிகிற கிரில்லில், தட்டை மேலே ஏற்றிப் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம். அப்போது அவன் பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஒரு நிமிடம் தாண்டினால் கசந்துவிடும். ஊறவைத்த பாத்திரத்தில் மிஞ்சிய மசாலாவை இந்தக் கட்டத்தில் தடவாதீர்கள். அதில் பச்சைக் கோழியின் நீர் இருக்கிறது.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும். உயரமான கம்பி ஸ்டாண்டில் வைத்து கன்வெக்‌ஷனில் சுட்டு, பிறகு கிரில்லுக்கு மாற்றுங்கள். விசிறி இருப்பதால் மேல்பக்கம் சீக்கிரம் காயும், அது நல்லதே. மைக்ரோவேவும் கிரில்லும் சேர்ந்து ஓடுகிற காம்பி முறை நேரத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் கறி சட்டென்று நீரைக் கக்கி ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது, எனக்கு அது சரிவரவில்லை.

தயிர் விஷயத்துக்கு வருவோம். சாதாரணத் தயிரை அப்படியே ஊற்றினால் மேலே சொன்ன எந்த முறையும் பாதிப் பலன்தான் தரும். துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்ட தயிர் வழுவழுவென்று கறியில் ஒட்டி நிற்கும். அதற்கு நேரமில்லையா? இரண்டு ஸ்பூன் கடலை மாவை வெறும் சட்டியில் மணம் வர வறுத்துத் தயிரில் கலந்துகொள்ளுங்கள், ஓரளவு ஈடுகட்டும்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் கலந்து ஊறவைப்பதா, இரண்டு தடவையாகவா? இரண்டு தடவைக்குத்தான் என் ஓட்டு. முதலில் எலும்பு வரை ஆழமாகக் கீறி, உப்பு, எலுமிச்சைச் சாறு, மிளகாய்த்தூள் தடவி அரை மணி நேரம். அதில் இறங்கும் நீரை வடித்துவிட்டு, கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா, கையில் கசக்கிய கசூரி மேத்தி (காய்ந்த வெந்தயக்கீரை), கடுகு எண்ணெய் கலந்து தடவி ஃப்ரிட்ஜில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். சீக்கிரம் மெத்தென்று ஆகட்டும் என்று பப்பாளிக்காய் அரைத்துச் சேர்ப்பார்கள். முற்றிய ஆட்டுக்கறிக்கு அது சரி. பிராய்லர் கோழியில் கொஞ்சம் கூடினாலும் மேல்பக்கம் மாவாகிவிடும். நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூளே போதும். கலர்ப்பொடி தரும் கடும் சிவப்பு வராது, வரவும் வேண்டாம்.

துண்டைப் பொறுத்தவரை தொடையும் காலும்தான் அவனுக்கு ஏற்றவை. கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் சாப்பிடப் பாதுகாப்பு. நெஞ்சுக்கறியை அதற்கு மேல் விட்டால் சக்கையாகிவிடும். தொடையோ 80 தாண்டினால்தான் எலும்பிலிருந்து நன்றாகக் கழன்று வரும். கிரில்லில் கூடுதலாகச் சில நிமிடம் நின்றாலும் அது தாங்கும்.

கடைசியாகப் புகை. அவனில் கரி இல்லை, அந்தக் குறையை நிரப்ப துங்கார் வைக்கலாம். சுட்ட துண்டுகளை ஒரு பாத்திரத்தில் போட்டு, நடுவில் சின்னக் கிண்ணத்தில் கனன்ற அடுப்புக்கரி ஒன்று, அதன்மேல் அரை ஸ்பூன் நெய். உடனே மூடி மூன்று நிமிடம் போதும், அதற்கு மேல் புகை கசப்பாக இறங்கும். சுடுவதற்கு முன்பு மசாலாவுக்கே புகை காட்டுகிறவர்களும் உண்டு. இரண்டையும் செய்து பார்த்தேன், முன்பு காட்டினால் அவனில் பாதி மணம் போய்விடுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். மூடியை எடுத்ததும் சாட் மசாலா தூவி, எலுமிச்சையைப் பிழிந்து, சூடு ஆறுவதற்குள் பரிமாறிவிடலாம்.