இடைவேளைப் பேச்சு: டர்பனில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் ஆறு ஆண்டுகளாகப் படம் பார்த்துவரும் விதம்

சனிக்கிழமை மாலையில் குடும்பமாக உட்கார்ந்து ஒரு படம் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் 2019 டிசம்பரில் தொடங்கியது. இந்த ஆறு ஆண்டுகளில், மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் இணையத் திரைச் சேவை ஒன்றையும், அதிலுள்ள பிள்ளைகளுக்கான தனிக் கணக்கையும், கடவு எண் பூட்டையும், தென்னாப்பிரிக்க அரசின் வயதுக் குறிகளையும், சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்றையும் துணையாக வைத்துப் பார்த்திருக்கிறோம். “சினிமாவை வீட்டுக்குள் விடலாமா, விட்டால் எப்படி விடுவது?” என்று சபையில் இளம் பெற்றோர் என்னிடமும் மனைவியிடமும் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். நான் பாளையங்கோட்டையிலிருந்து வேலைக்காக டர்பனுக்கு வந்தவன், சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். என் மனைவி இங்கேயே பிறந்தவர். அவருடைய முன்னோர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1930-கள் முதல் இங்குள்ள இந்தியர் நடுவே பரவிய பெந்தெகொஸ்தே எழுப்புதலில் அந்தக் குடும்பம் இரட்சிக்கப்பட்டது. டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் என் மாமியாருக்குச் சினிமா இன்றும் ‘பயாஸ்கோப்’தான். அவர் இளம்பெண்ணாக இருந்த நாளில், கிரே தெரு வட்டாரத்தில் இருந்த ஷாஜஹான், அவலோன் போன்ற கொட்டகைகளின் வாசலில் நின்றதைச் சபையார் யாராவது பார்த்துவிட்டால் போதும், அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அதற்குப் பதில் வந்துவிடுமாம். இந்நாட்டுக்குத் தொலைக்காட்சியே 1976-இல்தான் வந்தது; அதை வீட்டில் வைக்க அவருடைய தகப்பனார் மேலும் பல ஆண்டுகள் சம்மதிக்கவில்லை. இத்தனைக்கும் அந்தத் தகப்பனார், சிறுவயதில் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர். இங்கே அதை ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்பார்கள். விசுவாசத்துக்கு வந்த பிறகு அந்தப் பாட்டுகளை அவர் முணுமுணுக்கவும் இல்லை என்று மாமியார் சொல்லும்போது, அதில் பெருமை எவ்வளவு, ஏக்கம் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

அந்தக் கண்டிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். “தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்” என்ற 101-ஆம் சங்கீதத்தின் வரியை அவர்கள் கைக்கொண்ட அளவுக்கு நான் கைக்கொண்டதில்லை. ஆனால் இன்று தடை போட நமக்குக் கொட்டகை வாசல் இல்லை; திரை பிள்ளைகளின் சட்டைப்பையில் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. டர்பனில் பிறந்த என் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும் இடங்கள் மிகக் குறைவு. பள்ளியும் ஆராதனையும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. கீர்த்தனைகளைத் தமிழில் பாடினாலும், அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் பெரும்பாலோர் பாடுகிறார்கள். ‘ஒத்தாசை’ என்ற சொல்லை என் மகன் முதலில் கற்றது 121-ஆம் சங்கீதத்திலிருந்து அல்ல, ஒரு படத்திலிருந்து. ஆகவே தமிழ் சினிமாவை முழுவதும் ஒதுக்கினால், தீமையோடு சேர்த்து மொழியையும் இழந்துவிடுவோம் என்ற அச்சம் எனக்கு இருந்தது.

தொடக்கத்தில் நாங்கள் முழு நம்பிக்கை வைத்தது வயதுக் குறிகள் மேல். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தென்னாப்பிரிக்கத் திரைப்பட, வெளியீட்டு வாரியம் வயது எண்ணோடு எழுத்துகளையும் சேர்த்துத் தருகிறது: வன்முறைக்கு ‘வி’, கெட்ட வார்த்தைக்கு ‘எல்’, நிர்வாணத்துக்கு ‘என்’, போதைக்கு ‘டி’, பாகுபாட்டுக்கு ‘பி’ என்று அது போகிறது. நிறவெறி ஆட்சியைக் கடந்துவந்த நாடு, மனிதரை இழிவுபடுத்தும் பாகுபாட்டையும் பிள்ளைகளுக்குத் தீங்கானவற்றின் வரிசையில் வைத்திருப்பது எனக்குப் பெரிய காரியமாகப் பட்டது. 2022 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் இணைய வழி வெளியீடுகளையும் இந்த ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. இந்தியாவிலும் 2024-இல் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று பிரித்திருக்கிறார்கள். இந்தக் குறிகளை இன்றும் நாங்கள் பார்க்காமல் இருப்பதில்லை. ஆடைக் குறைப்பு, இரத்தம், வசைச்சொல் ஆகியவற்றைப் பொறுத்தவரை அவை நம்பத் தகுந்தவை. அதற்குமேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பிள்ளைகளுக்கான தனிக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஐந்து வயது வரை அது மிகவும் பயன்பட்டது. பத்து வயதுக்கு மேல் அதில் தமிழ்ப் படங்கள் அநேகமாக எதுவுமே தெரியவில்லை. வாய் பேசும் கார் பொம்மைகள் மட்டும் மிஞ்சின. கடவு எண்ணை மகன் நான்காவது நாளே கண்டுபிடித்துவிட்டான். ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும் வசதியை முதல் வாரத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நாங்கள் நிறுத்தியது ஓராண்டு கழித்து. இந்தத் தவறை வேறு யாரும் செய்ய வேண்டாம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். இந்நாட்டில் மின் தட்டுப்பாட்டின் அளவுக்கு ஏற்ப மின்வெட்டைக் கட்டம் கட்டமாகக் கூட்டி அறிவிப்பார்கள்; 2019 டிசம்பரில் அது முதன்முறையாக ஆறாம் கட்டத்தை எட்டியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த முதல் படமே பாதியில் அணைந்தது. மேசைமேல் ஒரு சார்ஜ் விளக்கு. பக்கத்தில் ஆறிப்போன தேநீர். மின்சாரம் வர இரண்டு மணி நேரம் ஆகும். செய்ய வேறு வேலை இல்லாததால், கதாநாயகன் அடுத்து என்ன செய்வான் என்று பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். “அவன் அண்ணனைக் கொன்றவனை இவன் கொல்லத்தான் வேண்டும்” என்றான் மகன். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. “கொன்றால் அந்த ஆளுடைய பிள்ளை பெரியவனாகி இவனைத் தேடி வருமே” என்றாள் இளையவள். பத்து ஆண்டுகள் ஓய்வுநாள் பாடசாலையில் கற்பித்த நான், பழிவாங்குதலைப் பற்றி அதுவரை ஒரு வகுப்பிலும் அவ்வளவு தெளிவான வாக்கியத்தைக் கேட்டதில்லை. அன்றிரவு மின்சாரம் திரும்பி மீதிப் படத்தைப் பார்த்தபோது, பழிவாங்கும் காட்சியில் வழக்கமாக வரும் உற்சாகம் எங்கள் கூடத்தில் எழவில்லை. எல்லாரும் அந்த வில்லனுடைய பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தோம். படம் அந்தப் பிள்ளையைக் காட்டவே இல்லை.

அதுமுதல் இடைவேளையை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். தமிழ்ப் படங்கள் பெரும்பாலானவற்றில் நடுவே ‘இடைவேளை’ என்ற எழுத்து வருகிறது. வராத படங்களைப் பாதியில் நிறுத்துகிறோம். இருபது நிமிடம் பேச்சு. யார் என்ன சொன்னார்கள் என்பதை மனைவி நோட்டில் இரண்டு வரியில் எழுதுவார். 2024 மார்ச் 26-க்குப் பிறகு மின்வெட்டு பல மாதங்கள் நின்றிருந்தபோதும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. படம் முடிந்த பின் பேசுவதைவிட நடுவில் பேசுவது பயன் தருவதற்குக் காரணம் இருக்கிறது: முடிவு வந்துவிட்டால் கதை சொல்பவனுடைய தீர்ப்பே நம் தீர்ப்பாகிவிடுகிறது, பாதியில் நிற்கும்போது ஒவ்வொருவரும் தன் தீர்ப்பைத் தானே சொல்ல வேண்டியிருக்கிறது.

வயதுக் குறிகள் எதைப் பிடிப்பதில்லை என்பதும் ஓர் இடைவேளையில்தான் எங்களுக்கு விளங்கியது. பத்து வயதுக்கு ஏற்றது என்று குறித்திருந்த நகைச்சுவைப் படம் அது. இரத்தம் இல்லை, வசை இல்லை, முத்தம் இல்லை. கதாநாயகன் ஒரு பெண்ணைப் பேருந்து நிறுத்தத்திலும் கல்லூரி வாசலிலும் வீட்டுத் தெருவிலும் பின்தொடர்கிறான். அவள் மூன்று முறை வேண்டாம் என்கிறாள். நான்காம் முறை பாட்டு வருகிறது. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தியதும் என் மகள், “அப்பா, அவள் வேண்டாம் என்றுதானே சொன்னாள்? பிறகு ஏன் பாட்டு வருகிறது?” என்று கேட்டாள். யாருக்கும் உடனே பதில் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை பதினாறு நாள்கள், பெண்கள் மேலான வன்முறைக்கு எதிராக இந்நாட்டில் இயக்கம் நடக்கிறது. எங்கள் சபையிலும் அதற்காக ஜெபிக்கிறோம். அந்த ஜெபத்துக்கும் அந்தச் சிரிப்புக்கும் ஒரே ஆள் வாய் திறந்திருக்கிறான் என்பதை என் பிள்ளை எனக்குக் காட்டினாள். அந்தத் தேதிக்குக் கீழே நோட்டில் அவளுடைய கேள்வி மட்டும் இருக்கிறது. பதிலுக்கு விட்ட இடம் இன்றும் வெறுமையாக இருக்கிறது.

இப்படிப் பார்ப்பது வேதத்துக்கு ஒத்ததுதானா என்று ஒரு மூப்பர் என்னிடம் நேராகக் கேட்டார். நியாயமான கேள்வி. “ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்” என்று 1 கொரிந்தியர் 15:33-இல் பவுல் எழுதுகிறார். சினிமாவுக்கு எதிராக நம் பிரசங்கங்களில் அதிகம் எடுத்தாளப்படும் வசனம் இது. இந்த வரி மெனாந்தர் என்ற கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியரின் நாடகத்திலிருந்து வந்தது. அத்தேனேயில் பேசும்போதும் “உங்கள் புலவர்களிலும் சிலர்” என்று சொல்லி அந்தப் புலவர்களின் வரியையே பவுல் மேற்கோள் காட்டுகிறார். தன் காலத்து நாடகத்தையும் கவிதையையும் அவர் அறிந்திருந்தார். எதை எடுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) மேடையில் சிருங்காரத்துக்குப் பேர்போன குறவஞ்சி வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்ற கட்டளை, சோதிக்கும் உழைப்பையும் சேர்த்தே நம்மிடம் கேட்கிறது.

ஆனால் எதிர்ப்பக்கத்துச் சாட்சியையும் நான் மறைக்கக் கூடாது. ஆப்பிரிக்க மண்ணின் மகனான பழங்காலச் சபைப் பிதா அகுஸ்தீன், தன் நண்பன் அலிப்பியுவைப் பற்றி எழுதியிருக்கிறார். ரோமில் தோழர்கள் இழுத்துக்கொண்டுபோனதால் வாள்வீரர் சண்டைக்குப் போன அவன், பார்க்கவே மாட்டேன் என்று கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட்டத்தின் ஆரவாரம் காதில் விழுந்த கணத்தில் கண் திறந்தான். அதன் பிறகு மற்றவர்களை அழைத்துப்போகிறவன் ஆனான். ஆராய்ந்து பார்க்கிறேன் என்று உட்கார்ந்து ருசிபார்த்து எழுந்திருக்கும் ஆபத்து எனக்கும் இருக்கிறது. பாலுறவைக் காட்சிப்பொருளாக்கும் படங்களை நாங்கள் பேசுவதற்காகக்கூட எடுப்பதில்லை. அங்கே பேச்சு கண்ணைக் காப்பாற்றாது. பழிவாங்கும் படங்களிலோ எனக்கு இன்னும் விடுதலை கிடைக்கவில்லை. கதாநாயகன் மெதுவாக நடந்துவரும்போது என் கை முஷ்டியாகிறது. “பகைக்கிறவர்களுக்கு நன்மை செய்யுங்கள்” என்று காலையில் வாசித்த அதே கை அது.

குறைகளும் உண்டு. மாதத்தில் ஒரு வாரமாவது களைப்பினால் பேச்சு பெயரளவுக்கு முடிந்துவிடுகிறது. கேள்விகளைப் பரீட்சை போலக் கேட்டால் பிள்ளைகள் எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டுப் படத்துக்குத் திரும்புகிறார்கள். நான் முதலில் என் குழப்பத்தைச் சொன்னால்தான் அவர்கள் வாய் திறக்கிறது. இப்போது பதினேழு வயதாகும் மகன் சில சனிக்கிழமைகளில் நண்பர்களோடு வெளியே போய்விடுகிறான். அங்கே என்ன பார்க்கிறான் என்று நான் துருவுவதில்லை. திரும்பி வந்து அவனாகச் சொன்னால் கேட்கிறேன். சபையின் வாலிபர் கூட்டத்தில் இதே முறையை முயன்றபோது சரிவரவில்லை. நாற்பது பேர் கூடிய இடத்தில் யாரும் மனம் திறப்பதில்லை. ஆறு ஏழு பேராகப் பிரித்த பிறகுதான் பேச்சு வந்தது. செலவு என்று பார்த்தால் சந்தாவைத் தவிர வேறொன்றும் இல்லை. பிள்ளைகள் எட்டு வயதைத் தாண்டிய வீடுகளுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். அதற்குக் கீழுள்ள வயதில் கதையைப் பாதியில் நிறுத்தினால் அழுகைதான் வரும்.

மாமியார் பல ஆண்டுகள் எங்களோடு உட்காரவில்லை. படம் ஓடும்போது சமையலறையில் இருப்பார். இடைவேளைப் பேச்சு தொடங்கியதும் வாசற்படியில் வந்து நிற்பார். சென்ற குளிர்காலத்தில், பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போன தகப்பன் இருபது ஆண்டு கழித்துத் திரும்பிவரும் ஒரு படத்தைப் பாதியில் நிறுத்தினோம். மகன் அவனை வீட்டுக்குள் சேர்க்கலாமா என்று வாக்குவாதம் நடந்தது. மாமியார் அன்று உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “சேர்க்கணும். ஆனா அவன் முதல்ல வாசல்ல நிக்கணும், கொஞ்ச நேரம்” என்றார். மனைவி அதை நோட்டில் எழுதிக் காட்டியபோது, தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்து, தன் பேரை எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்.