இரண்டு தேர்வு மன்றங்கள்: மேற்கு ஆப்பிரிக்காவும் கரீபியனும்

பல நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கும் ஒரே பொதுத்தேர்வு நடத்தும் இரண்டு அமைப்புகளில் எது மேல்? மேற்கு ஆப்பிரிக்கத் தேர்வு மன்றம் 1952-இல் தொடங்கியது. தலைமையகம் கானாவின் அக்ரா. லைபீரியா 1974-இல் சேர, உறுப்பு நாடுகள் ஐந்தாயின. ஐந்துதானே என்று நினைக்க வேண்டாம், அதில் நைஜீரியா ஒன்று போதும், கூட்டத்துக்குக் குறைவில்லை.

கரீபியன் தேர்வு மன்றம் 1972-இல் பிறந்தது, தலைமையகம் பார்படோஸ். பெரும்பாலும் குட்டித் தீவுகள். தனித்தனியாகத் தேர்வு நடத்தினால் கட்டுப்படியாகாது. 1979-இல் முதல் தேர்வு. அதற்கு முன் கேம்பிரிட்ஜ், லண்டன் வினாத்தாள்கள்தான். கரீபிய வரலாறு தனிப் பாடமானது. பள்ளியிலேயே ஆசிரியர் திருத்தும் செய்முறைப் பணிக்கும் இறுதி மதிப்பெண்ணில் பங்கு கிடைத்தது. அப்புறம் 1998-இல், பிரிட்டனின் மேல்நிலைப் பள்ளித் தேர்வான ஏ லெவலுக்கு மாற்றாக 'கேப்' என்ற சொந்தத் தேர்வு.

அளவில் ஆப்பிரிக்காதான், சரி. பாடத்தை மண்ணோடு ஒட்டவைத்ததற்காக என் ஓட்டு கரீபியனுக்கு.