பழைய பாய்மரப் படகு வாங்குகிறீர்களா? "அந்தக் காலத்துக் கெட்டி ஃபைபர்" என்றால் உஷார்

அமெரிக்காவில் பழைய ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். செசபீக் விரிகுடாக் கரையில் ஒரு யார்டில் (படகுகளை நிறுத்தி, பழுது பார்க்கும் இடம்), 1970களில் கட்டிய 30 அடிப் படகு ஒன்றை 9,000 டாலருக்கு வாங்கினேன். மேல்தளத்தைச் சரிசெய்ய மட்டும் இப்போது 14,000 டாலர் கேட்கிறார்கள்.

புரோக்கர் விற்றது படகை இல்லை, அதன் கனத்தை. "அப்போதெல்லாம் ஃபைபரின் பலம் யாருக்கும் தெரியாது, பயந்து பயந்து அடுக்கடுக்காகப் போட்டார்கள், இன்னும் நூறு வருடம் தாங்கும்" என்றார். கீலுக்கு (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பகுதி) பக்கத்தில் இருந்த ஒரு துளையில் அளவுகோலை விட்டுக் காட்டினார். முக்கால் அங்குலம்!

இந்தக் கதை பல யார்டுகளில் சொல்லப்படுவதுதான், ஆனால் உண்மை இல்லை. அமெரிக்கக் கடற்படை 1940களிலேயே ஃபைபர் படகுகளைக் கட்டிப் பார்த்துவிட்டது. 1959 நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் ட்ரைட்டன் என்ற ஃபைபர் பாய்மரப் படகு வந்து, ஃபைபர் பாய்மரப் படகுகள் வரிசையாக விற்க ஆரம்பித்தபோது, கட்டியவர்களுக்கு அந்தப் பொருளைப் பற்றி ஓரளவு தெரிந்தே இருந்தது. கனமாகப் போட்டதற்குக் காரணம் வேறு. பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினும் கண்ணாடி இழையும் சேர்ந்தது சுலபத்தில் உடையாது, ஆனால் வளையும். வளையாமல் இருக்கக் கனம் வேண்டும். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். கீல் மாட்டும் இடத்தில் கனம் கூட்டி, மேலே போகப் போகக் குறைப்பார்கள். அதில் தப்பே இல்லை. கீல் பக்கத்து அளவைக் காட்டி முழுப் படகும் அப்படித்தான் என்று சொன்னதுதான் ஏமாற்று.

அது எப்போது தெரிந்தது என்றால், தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஒரு குழாய் வைக்கத் துளை போட்டபோது. வெட்டி எடுத்த வட்டத் துண்டு கால் அங்குலம்கூட இல்லை. கனம் குறைந்ததைவிட அதன் உள்ளே இருந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. வெளியே ஜெல்கோட் என்ற மேல்பூச்சு, அதற்கடுத்து மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பு, அப்புறம் கண்ணாடி இழையில் நெய்த முரட்டுத் துணி. அந்த நெசவுக்குள் ரெசின் இறங்கவே இல்லை. இழைகள் வெள்ளையாக, உலர்ந்து கிடந்தன. நகத்தால் நெம்பினேன், அடுக்கு தனியாகப் பிரிந்து வந்தது. இப்படிக் கட்டியது ஒரு அங்குலம் இருந்தாலும் என்ன பயன்?

சரி, மேல்தளம். பழைய படகுகளில் பெரும்பாலும் ஹல், அதாவது படகின் உடல், மட்டும்தான் முழு ஃபைபர். மேல்தளத்தில் இரண்டு மெல்லிய ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். கைப்பிடிக் கம்பிகளின் போல்ட் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர் அந்த மரத்தை அழுகவைத்துவிடும். நான் ஒரு போல்ட்டைக் கழற்றியதும் பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. ஸ்க்ரூடிரைவரை விட்டால், ஊறிப்போன தேயிலைச் சக்கைபோல மரம் வெளியே வந்தது.

இத்தனைக்கும் வாங்கும் முன் பணம் கொடுத்து சர்வே, அதாவது படகின் நிலையைச் சோதிக்கும் வேலை, செய்திருந்தேன். சர்வேயரை அனுப்பியது அதே புரோக்கர். அறிக்கையில் "ஹல், மேல்தளம் உறுதியாக, உலர்வாக உள்ளன" என்று ஒரே வரி. ஈரமானி அளவு ஒன்றுகூட இல்லை, சுத்தியலால் தட்டிப் பார்த்ததாகவும் இல்லை. கேட்டால், சர்வேயர் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த "கண்ணால் பார்த்தது மட்டும்" என்பதைக் காட்டுகிறார். புரோக்கர் "உள்ளது உள்ளபடி" விற்றதாகச் சொல்லிக் கையை விரித்துவிட்டார்.

அமெரிக்காவில் படகு சர்வேயர் ஆக அரசு லைசென்ஸ் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் சாம்ஸ், நாம்ஸ் என்ற இரண்டு சர்வேயர் சங்கங்களின் பட்டியலிலிருந்து நீங்களே ஒருவரைத் தேடுங்கள். புரோக்கர் சொல்லும் ஆள் வேண்டவே வேண்டாம். படகைக் கரையேற்றித்தான் பார்க்க வேண்டும். சர்வேயர் தட்டும்போது கூடவே நில்லுங்கள். நல்ல இடம் கணீர் என்று ஒலிக்கும், அழுகிய இடம் மொத்தென்று அடங்கும், அது நம் காதுக்கே தெரியும். ஒரு போல்ட்டையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். சர்வே திருப்தியாக இல்லாவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வரும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.