கல்யாண மேடையில் ஆங்கில வாசகம்: இரண்டு சொல்லா, முழு வரியா, பெயரும் தேதியுமா?

மேடைப் பின்னணிக்கு ஆங்கில வாசகம் தேடினால் கடைசியில் மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்போம். ‘பெட்டர் டுகெதர்’ மாதிரி இரண்டு சொல், ‘தி பெஸ்ட் இஸ் யெட் டு கம்’ மாதிரி முழு வரி, இல்லையென்றால் மணமக்கள் பெயரும் தேதியும். என் ஓட்டு இரண்டு சொல்லுக்கு. பொருள் எது அழகு என்பது அவரவர் ரசனை. ஆனால் பலகை தயாரானதும் அது நன்றாக அமைந்ததா என்பதை முடிவுசெய்வது எழுத்துகளின் எண்ணிக்கைதான்.

தடித்த, நேரான எழுத்துக்குப் பலகை செய்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். 40 அடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் படிக்க 4 அங்குலம் வேண்டும். சுழித்து எழுதும் கையெழுத்து ஃபான்ட் என்றால் இன்னும் கூட்ட வேண்டும், 6 அங்குலம் என்று வையுங்கள். அந்த உயரத்தில் ஓர் எழுத்து, இடைவெளியோடு சேர்த்து, சுமார் 4.5 அங்குல அகலம் பிடிக்கும் (ஃபான்டைப் பொறுத்துக் கூடும், குறையும்).

‘பெட்டர் டுகெதர்’ ஆங்கிலத்தில் 14 எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. ஒரே வரியில் 67 அங்குலம் வரும், 8 அடி (96 அங்குல) அகலப் பின்னணியில் தாராளமாக உட்காரும். முழு வரியோ 18 எழுத்து, 5 இடைவெளி. 103 அங்குலம் ஆகிவிடுவதால் 96 அங்குலத்தில் அடங்காது. எழுத்தைச் சிறிதாக்கினால் பின்வரிசைக்குத் தெரியாது. இரண்டு வரியாக மடித்தால், உயரமாக வைக்காவிட்டால் கீழ்வரி மணமக்களின் தலைக்குப் பின்னால் போய்விடும்.

புகைப்படத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2:3 அளவில் நெடுக்காக எடுக்கும் படத்தில் 9 அடி உயரம் விழுந்தால் அகலம் 6 அடிதான். 8 அடி வரியின் இரு ஓரமும் வெட்டுப்பட்டு, நடுப்பகுதி மட்டும் தொங்கும். இரண்டு சொல்லை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தால் நீளமான சொல்லுக்கே 36 அங்குலம் போதும். கீழ்ச்சொல்லின் அடிப்பகுதி மேடைத் தரையிலிருந்து 7 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

வெட்டும் வேலையிலும் குறைந்த எழுத்தே லாபம். கையெழுத்து ஃபான்டை அக்ரிலிக்கில் லேசரால் வெட்டும்போது, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் எழுத்துகளை டிசைன் ஃபைலில் ஒரே வடிவமாக இணைத்திருக்க வேண்டும். மறந்தால் ஒவ்வோர் எழுத்தும் தனித்துண்டாகக் கையில் வரும். ‘ஐ’யின் மேல்புள்ளி எப்படியும் தனியாகத்தான் விழும், அதற்குப் பின்பலகை தேவை. ஃபாயில் பலூன் எழுத்து வாங்குபவர்கள் கவனிக்க: 16 அங்குல வகை பெரும்பாலும் ஹீலியம் அடைத்தாலும் மிதக்காது, காற்றடித்துக் கட்டித்தான் தொங்கவிட வேண்டும்.

பெயரும் தேதியும் மேடையைவிட நுழைவாயில் பலகைக்குப் பொருந்தும். அங்கே நின்று படிப்பார்கள், சின்ன எழுத்து போதும். தேதி போட்ட பலகையை அடுத்தவர் கல்யாணத்துக்குக் கொடுக்க முடியாது என்பதையும் யோசியுங்கள்.

அழைப்பிதழில் மட்டும் முழு வரிக்குத்தான் முதலிடம். கையில் பிடித்துப் படிப்பதற்கு நீளம் ஒரு தடையில்லை. ‘டு ஹேவ் அண்ட் டு ஹோல்ட்’ போன்ற வரி அங்கேதான் நிறைவாக இருக்கும். 1549-இல் வந்த ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) வழிபாட்டு நூலின் திருமண உறுதிமொழியிலேயே இருக்கும் வரி அது. அமெரிக்க மரபில் கல்யாணம் வழிபாட்டுத் தலத்தில் நடந்தால் ‘ஆனர் ஆஃப் யுவர் பிரசன்ஸ்’, மற்ற இடங்களில் ‘பிளஷர் ஆஃப் யுவர் கம்பெனி’ என்று அழைப்பார்கள். ‘ஆனர்’ பிரிட்டிஷ் எழுத்துமுறையில் இருந்தால் உறையிலும் உள்தாளிலும் அதே முறை வரட்டும். வருவீர்களா என்று பதில் கேட்கும் ‘ஆர்எஸ்விபி’ என்ற பிரெஞ்சுச் சுருக்கத்துக்குள்ளேயே ‘தயவுசெய்து’ அடங்கியிருக்கிறது, முன்னால் ‘ப்ளீஸ்’ வேண்டாம். குடும்பப் பெயரைப் பன்மையில் போடும்போது ‘எஸ்’ஸுக்கு முன் அபாஸ்ட்ரஃபி வரக்கூடாது. அச்சில் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

அச்சகத்துக்குப் போகும் ஃபைலில் எழுத்துகளை அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வரைவடிவமாக) மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அங்கே இல்லாத ஃபான்டுக்குப் பதில் வேறொன்று ஏறிவிடும். மாற்றிய பிறகு டைப் செய்து திருத்த வழியில்லை. அதனால் அதற்கு முன்பே, வாசகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து எழுத்தெழுத்தாகச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.