சாபமும் வாக்குறுதியும்: இனவெறிக்கு மதம் தரும் இரு நியாயங்கள்

அமெரிக்க அடிமை உடைமையாளர்கள் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 9ஆம் அதிகாரத்தைக் காட்டி, கறுப்பினத்தவர் நோவாவின் சாபத்துக்கு உட்பட்டவர்கள் என்றனர். அங்கே சாபம் நோவாவின் பேரன் கானான்மீதுதான் விழுகிறது. தோலின் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தெற்கு பாப்டிஸ்ட் திருச்சபை 1995இல், காலம் கடந்தேனும், அடிமைமுறைக்குத் துணைநின்றதற்காக மன்னிப்புக் கேட்டது.

இலங்கையில் அதே வேலையை ஒரு வாக்குறுதி செய்கிறது: இத்தீவு புத்த சாசனத்துக்கென, அதாவது புத்தரின் போதனைக்கென, ஒதுக்கப்பட்டது என்பது. தமிழ் மன்னன் எல்லாளனுடனான போரில் மாண்டோரை எண்ணி வருந்திய சிங்கள மன்னன் துட்டகைமுனுவிடம், கொல்லப்பட்டோரில் மனிதர் ஒன்றரைப் பேரே, பௌத்த நெறியை ஏற்காத ஏனையோர் விலங்குக்கு ஒப்பானவர் என்று துறவிகள் தேற்றியதாக பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம் கூறுகிறது. கொலைக்குப் பாவமன்னிப்பு வழங்கும் இவ்வரிகளை விரும்புவோர், அதே மன்னன் எல்லாளனின் சமாதிக்கு மரியாதை செலுத்த ஆணையிட்டதாக அதே நூல் சொல்வதை மறந்துவிடுகின்றனர்.

சாபம் ஆளைத் தாழ்த்துகிறது. வாக்குறுதியோ காணியையும் கேட்கிறது. இலங்கையின் வடக்கே வன்னியில் வாழும் தமிழரான எங்களுக்கு இரண்டாவதே கொடியது. 2019 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் கோயிலின் தீர்த்தக்கேணி அருகே, நீதிமன்ற உத்தரவையும் மீறி, ஒரு பிக்குவின் உடல் தகனம் செய்யப்பட்டது. தடுக்க முயன்ற சட்டத்தரணி ஒருவர் தாக்கப்பட்டார்.