மூன்று வருஷம் ஐபோன், அப்புறம் மறுபடியும் ஆண்ட்ராய்டு

2022 ஆடித் தள்ளுபடியில் ஐபோன் 13 வாங்கினேன். அதற்கு முன் ஆறு வருஷம் ஆண்ட்ராய்டுதான். மூன்று வருஷம் ஐபோனை ஓட்டிவிட்டு 2025 தீபாவளிக்கு மறுபடியும் ஆண்ட்ராய்டுக்கே வந்துவிட்டேன். "அங்கிட்டுப் போனவன் எவனாச்சும் திரும்பி வருவானா மாப்ள?" என்று கேட்காத நண்பன் இல்லை. ஒவ்வொருவனுக்கும் டீக்கடையில் நின்று சொல்லி மாளாது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் என் பிழைப்பு. மருந்துக் கம்பெனி ரெப். காலையில் மதுரை அண்ணாநகர், மதியம் மேலூர் அல்லது திருமங்கலம், சாயங்காலம் உசிலம்பட்டி. இரண்டு நம்பர், பகல் முழுக்க வண்டி, வெயில். போனைக் குளிர்ந்த அறையில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு என் தீர்ப்பு பொருந்தாமல் போகலாம்.

ஐபோனுக்கு மாறியது பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. ஆண்ட்ராய்டிலிருந்து வாட்ஸப் அரட்டையை நேராக ஐபோனுக்குக் கொண்டுபோகும் வசதி 2022இல்தான் வந்தது. என் அதிர்ஷ்டம், பழைய பேச்செல்லாம் பத்திரமாகக் கூடவே வந்தது. ஒரே நிபந்தனை, புதுப் போனை ஆரம்பத்தில் அமைக்கும்போதே செய்துவிட வேண்டும். யூபிஐ பதிவு செய்யும்போது ஒரு சின்ன வித்தியாசம். ஆண்ட்ராய்டில் ஆப் தானாகவே சரிபார்ப்பு எஸ்எம்எஸ் அனுப்பிவிடும்; ஐபோனில் அனுப்பும் பொத்தானை நாம்தான் அமுக்க வேண்டும். அதன் பிறகு மாட்டுத்தாவணியில் பூ வாங்கினாலும் கீழமாசி வீதியில் பருப்பு வாங்கினாலும் இரண்டிலும் ஒரே க்யூஆர், ஒரே டிங் சத்தம்.

பிடித்ததைச் சொல்ல வேண்டுமானால் அப்டேட். என் பழைய ஆண்ட்ராய்டு போன்களில் ஒன்று ஒரே ஒரு பெரிய அப்டேட்டோடு அனாதையானது. இந்த ஐபோன், ஐஓஎஸ் எனும் அதன் மென்பொருளின் 15இல் வந்து 16, 17, 18 பார்த்து, 26 வரை போய்விட்டது. (18க்கு அடுத்து 26 என்றதும் எதையோ தவறவிட்டோமோ என்று குழம்பினேன். வருஷக் கணக்குக்கு எண்ணை மாற்றிவிட்டார்களாம்.) நான்கு வருஷம் முந்தி வந்த மாடல் புதுசு மாதிரி நடந்துகொண்டது. ஆனால் இதை வைத்து ஆண்ட்ராய்டை இனிமேல் மட்டம் தட்ட முடியாது. 2023இல் கூகுளின் பிக்சல் 8, 2024இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் ஏழு வருஷம் அப்டேட் என்று சொல்லிவிட்டார்கள். மலிவான மாடல்களுக்கு அவ்வளவு கிடையாது, பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும்.

தமிழில் எழுதுவதில் எனக்குக் குறையில்லை. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் ஐபோனிலேயே உண்டு. வாய்விட்டுச் சொல்லி எழுத வைக்கும் பழக்கத்துக்கு மட்டும் நான் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டுக்கு அடிமை.

சரி, ஏன் திரும்பினேன்?

முதல் காரணம் வண்டி. ஐபோனை 0 முதல் 35 டிகிரி சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சித்திரையில் மதுரை 40ஐத் தொடும்போது நான் என்ன செய்வது, ஆற்றில் இறங்குவதா? அழகரே இறங்க டேங்கர் தண்ணீர் விட வேண்டியிருந்த வருஷங்கள் உண்டு. அது போகட்டும், வெயில் எந்தப் போனுக்கும் எமன்தான். 2021இல் ஆப்பிள் இன்னொரு எச்சரிக்கையும் போட்டது: பைக் ஹேண்டில்பாரில் மாட்டினால் என்ஜின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தாங்கும் பாகத்தைக் கெடுக்கலாம். நான் அதைப் படித்தது வாங்கி ஒரு வருஷம் கழித்து. அன்றிலிருந்து போன் சட்டைப்பையில், வழி கேட்பது வழிப்போக்கரிடம்.

இரண்டாவது சிம். ஐபோன் 13இல் ஒரு சிம் அட்டைதான் போட முடியும், அடுத்த நம்பர் இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம். ஆபீஸ் நம்பரை இசிம் ஆக்கினேன். மேலூரில் ஒரு நாள் நான் சார்ஜ் போட மறந்து போன் அணைந்துவிட்டது. சிம் அட்டையாக இருந்திருந்தால் கழற்றி நண்பன் போனில் போட்டு டாக்டரிடம் பேசியிருப்பேன். கடைக்காரரிடம் ஒயர் கேட்டேன்.

"சி டைப்பாண்ணே?"

"இல்லப்பா, ஐபோன்."

"அது இங்க யாரு வச்சிருக்கா?"

அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் மூன்று வருஷமும் அடங்கியிருக்கிறது. 2023இல் ஐபோன் 15 வந்த பிறகு அதுவும் சி டைப்தான், இப்போது வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் ஒயரை விட்டாலும் எனக்கு மற்றத் தொல்லையெல்லாம் அப்படியே இருந்தது. ஊரிலிருக்கும் அம்மா, மச்சான், அக்கா பிள்ளைகள் எல்லோரும் ஆண்ட்ராய்டு. திருப்பரங்குன்றத்தில் அக்கா மகள் கல்யாணம். அத்தனை படமும் என் போனில் அருமையாக விழுந்திருந்தது. ஐபோனுக்கு ஐபோன் படம் அனுப்பும் ஏர்டிராப்பில் வாங்கிக்கொள்ள மாப்பிள்ளையின் தோழன் ஒருத்தன்தான் இருந்தான். மற்றவர்கள் தங்களுக்குள் ஆண்ட்ராய்டின் குவிக் ஷேரில் தள்ளிக்கொண்டிருக்க, நான் மண்டபத்து வாசலில் உட்கார்ந்து வாட்ஸப்பில் டாக்குமெண்டாக ஒவ்வொன்றாய் அனுப்பினேன். அம்மா போனில் ஏதாவது சிக்கினால் இன்னும் மோசம். "அந்த மூணு புள்ளி எங்கய்யா இருக்கு?" என்று கேட்டால் எனக்கே தெரியாது, என் திரையில் அது இருந்தால்தானே!

தெரியாத நம்பர் யாருடையது என்று ட்ரூகாலர் அழைப்பு வரும்போதே முழுசாகக் காட்டுவது ஐபோனுக்கு 2025 ஜனவரியில்தான் வந்தது. எண் பலகையிலேயே பெயரைத் தட்டித் தேடுவது ஐஓஎஸ் 18இல், 2024இல். பட்டன் போனிலேயே பார்த்த வசதி அது! நாளுக்கு முப்பது நாற்பது பேரைக் கூப்பிடுகிறவனுக்கு இது சின்ன விஷயம் கிடையாது.

வீடியோ எடுப்பவர்கள், குடும்பமே ஐபோன் வைத்திருப்பவர்கள், ஒரே போனை ஐந்து வருஷம் வைத்திருக்க நினைப்பவர்கள் யோசிக்காமல் ஐபோன் வாங்கலாம். தெருவில் பிழைக்கிறவன், இரண்டு சிம்காரன், வீட்டில் எல்லோருக்கும் போன் பார்த்துக் கொடுப்பவன் என்றால் நல்ல ஆண்ட்ராய்டு. கண்ணாடி உடைந்தாலும் டவுன்ஹால் ரோட்டில் மாற்றி வாங்கி, காபி குடித்துவிட்டு வரலாம்.

ஐபோன் இப்போது வீட்டுக்காரம்மாவிடம். கேமராவுக்காக எடுத்துக்கொண்டார். பேட்டரி ஆரோக்கியம் 81 சதவீதத்தில் நிற்கிறது, 80க்குக் கீழே போனதும் மாற்ற வேண்டும். போன வாரம் அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு அங்கிருந்து கூப்பிட்டார், ஒயரை இங்கேயே விட்டுவிட்டாராம். பக்கத்து வீடுகளில் கேட்டுப் பார்த்தாராம், யாரிடமும் இல்லையாம்.